கோடிட்ட இடம்

குட்டாய்சி மருத்துவமனை,
இரண்டாம் மாடி, இருதயப் பிரிவு.
இரவு இரண்டேகாலுக்கு
ஒற்றைக் காதால் ஜெர்மன் படிக்கிறேன்.
மற்றக் காது வார்டுக்கு.

இருநூற்றுப் பதினோரு நாள்
ஒரு நாளும் தவறவில்லை என்று
செயலி எனக்கொரு தீச்சுடர் தந்திருக்கிறது.
சம்பளம் வந்து ஏழு வாரமாகிறது.
சுடர் மட்டும் நாள்தோறும் வந்துவிடுகிறது.

'கரடி என் குடையைத் தின்கிறது.'
'மாமாவிடம் ஒன்பது ஆந்தைகள் உண்டு.'
இப்படித்தான் சொல்லித்தருகிறது அது.
காசலில் முதியோர் இல்லத்தில் வேலைபார்க்கும்
ஏத்தெரிக்கு அனுப்பிவைத்தேன்.
இங்கே கரடி இல்லையடி, என்று எழுதினாள்,
நேற்று வயிறு சரியாகப் போயிற்றா என்று
எண்பது வயதுக்காரரிடம்
மரியாதை குறையாமல் கேட்கப் படி.

தேடினேன்.
இலவச வகுப்பு என்றவை
மூன்றாம் பாடத்தில் பணம் கேட்டன.
தாதியருக்கான கையேடு ஒன்று கிடைத்தது,
யாரோ படித்து முடித்து நகலெடுத்துப் போட்டது.
ஓரமெல்லாம் அரபியில் பென்சில் குறிப்பு.
பதினேழாம் பக்கத்தில்
குறிப்பில்லை, வெறும் கேள்விக்குறி,
தாள் கிழியும்படி அழுத்தி.
அந்தப் பக்கம் எனக்கும் புரியவில்லை.
முகம் தெரியாத அந்த ஆளுக்குப் பக்கத்தில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
இங்கே ஸ்பூனுக்குக்கூடப் பால் கேட்கிறார்கள்.
வலி ஆண்பால்.
அச்சம் பெண்பால்.
காய்ச்சல் இரண்டுமில்லை.
யார் பார்த்துச் சொன்னது?
இருபது வருஷமாய் மூன்றையும்
ஒரே கட்டிலில்தான் பார்த்துவருகிறேன்.

ஒலி அகராதி ஒன்று உண்டு.
சொல்லைத் தொட்டால் ஒரு பெண் உச்சரிப்பாள்.
பெயர் போட்டுக்கொள்ளாதவள்.
'ஷ்மெர்ட்ஸ்', வலி, என்று அவள் சொல்லும்போது
பின்னால் ஒரு நாய் குரைக்கும்.
ஆயிரம் முறை தொட்டாலும்
அதே இடத்தில், அதே நாய்.
குரைப்போடு சேர்த்தே
வலியை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

நேற்று ஏழாம் கட்டிலில் குராம்,
லாரி ஓட்டியவர், தூக்கம் வராமல்
என் உதட்டையே பார்த்திருந்தார்.
செபமா?
இல்லை, பரீட்சை.
போய்விடுவாயா?
நவம்பரில்.
சரி, அதுவரை இருக்கிறேன், என்றார்,
ஏதோ எனக்குச் சலுகை தருவதுபோல.

முன்னால் இருக்கவேண்டிய தலையைக் கிள்ளி
வாக்கியத்தின் கடைசியில் நடுகிற மொழி இது.
கடைசிச் சொல் விழும்வரை
நடப்பது என்னவென்று தெரியாது.
திரையில் ஒரு கேள்வி:
ஸீ ஹொர்ட் ______
'ட்சூ' போட்டால், அவள் செவிகொடுக்கிறாள்.
'அவுஃப்' போட்டால், அவள் நிறுத்திவிடுகிறாள்.
இலக்கணத்துக்கு இரண்டும் சரி.
செயலிக்கு ஒன்றுதான் சரி.
விரலைத் தூக்கியபோது
வார்டுக்கான காதில் மானிட்டர் கத்தியது.

முப்பத்தெட்டு நிமிடம்.
என் கை, டாக்டர் கை, மறுபடி என் கை.
எலும்பொன்று முறிந்ததை
உள்ளங்கை கேட்டது.
பிறகு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவர் நேரம் சொல்ல நான் எழுதினேன்.

பையிலிருந்து போனை எடுத்தேன்.
கோடு அப்படியே இருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கையில்
திரை தானாக அணைந்தது.

ஏழு மணிக்கு மகள் வந்தாள்,
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு,
லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
வலித்ததா?

தாய்மொழியில் கேட்ட கேள்வி.
தாய்மொழியில்தான் பதில் சொல்லவேண்டும்.
வாயைத் திறந்தேன்.
ஒரு நாய் குரைக்கட்டும் என்று
காத்திருந்தேன்.